வசை வேலியாகுமா?

சமய மாற்றம் பற்றிய செய்தி தமிழர் வாழும் வட்டாரமொன்றில் பரவுமாயின், அடுத்த திங்களே அங்கொரு மேடை எழுவது வழக்கம். ஒலிபெருக்கி முழங்கும். பிள்ளைகளை விலை பேசுகின்றனர் என்பார் ஒருவர். பண்பாட்டின் வேரில் வெந்நீர் ஊற்றுகின்றனர் என்பார் மற்றொருவர். அரசு சட்டம் இயற்றித் தடுக்க வேண்டும் என்று மூன்றாமவர் முடிப்பார். கைதட்டல் எழும், பொன்னாடை போர்த்தப்படும், கூட்டம் கலையும். மறுநாள் மாலை அவ்வட்டாரத்துச் சிறுவன் ஒருவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவோ, தனித்துக் கிடக்கும் முதியவள் ஒருத்தியிடம் நலம் கேட்கவோ, மேடையில் முழங்கிய மூவரில் ஒருவரும் வருவதில்லை. வருகிறவர் வேறொருவர். அவர் கையில் வேறொரு மறைநூல் இருக்கிறது. அவரை வைவதனால் அவர் வரவு நிற்கப் போவதில்லை. வசை ஒருநாளும் வேலியாவதில்லை.

மலாக்கா மாநிலத்தின் வடபால் அமைந்தது அலோர் காஜா மாவட்டம். காடேக், தெபோலாங், கெமுனிங், சுங்கை பாரு என்னும் தோட்டப் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக அங்கு வாழ்கின்றன. பால்மரம் நின்ற இடங்களிற் பெரும்பகுதி செம்பனையாயிற்று. தோட்டத் துண்டாடலும் பயிர்மாற்றமும் வேலையின்மையும் குடும்பங்களைத் தோட்டத்திலிருந்து பெயர்த்தன. லயத்து வீடுகளில் அடுத்தடுத்து வாழ்ந்தவர் அலோர் காஜா, புலாவ் செபாங், மஸ்ஜித் தானா, டுரியான் துங்கால் என்று சிதறித் தாமான் வீடுகளுக்குட் புகுந்தனர். தோட்டத்தில் ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டால் பத்து வீடுகள் விழித்துக்கொள்ளும். தாமானில் இரும்புக் கதவுக்கு அப்பால் நிகழ்வது அண்டை வீட்டாருக்கும் தெரிவதில்லை. தோட்டத்துக் கோயிலும், பெரட்டுக் களமும், பள்ளித் திடலும் ஒருங்கே செய்துவந்த காவற்பணியை இப்பொழுது குடும்பம் தனித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அக்குடும்பம் அதற்கு ஆயத்தமாய் இருக்கிறதா என்பதே இங்கு எழும் வினா.

குடும்பமே பாசறை

இவ்வினாவுக்கு விடை காண விழைவோர், குடும்பத்தையே சமயப் பணியின் பாசறையாக்கிக் கொண்ட ஒரு கூட்டத்தாரை நோக்குதல் நலம். 1830-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'யே அது. உலகத்தார் அதனை மார்மன் சபை என்றே அழைத்து வந்தனர். அச்சபையின் தலைமையோ 2018-ஆம் ஆண்டு முதல் முழுப்பெயரையே வழங்குமாறு வற்புறுத்தி வருகிறது. மலேசியாவில் அச்சபையினர் சிறு தொகையினரே. எனினும், அவர்தம் முறை கற்பிக்கும் பாடம் சிறியதன்று.

அச்சபையின் முதல் தூதுப்பணியாளர் எனப் போற்றப்படுபவர் நிறுவனரின் உடன்பிறந்த தம்பியாகிய சாமுவேல் ஸ்மித். அவர் 1830-இல் ஊர் ஊராகச் சுமந்து சென்ற மார்மன் நூலின் படி ஒன்று ஃபினியஸ் யங் என்பவர் கையிற் சேர்ந்தது. அவர் வழியே அது தந்தைக்கும் உடன்பிறப்புகளுக்கும் சென்றது. ஈராண்டு கழிந்து 1832-இல் அக்குடும்பத்து மற்றொரு மகன் பிரிகாம் யங் திருமுழுக்குப் பெற்றார். பின்னாளில் அச்சபையாரை 1847-இல் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கிற்கு வழிநடத்திச் சென்றவர் அவரே. அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்கு ஒரு நூல் சென்றது. ஒரு சபையின் வரலாறே மாறிற்று.

தமிழ்நாட்டு வரலாறும் இதனையே வேறு விதமாகக் காட்டுகிறது. 1853-இல் ரிச்சர்ட் பாலன்டைன் முதலிய மார்மன் தூதுப்பணியாளர் கடல் கடந்து சென்னைக்கு வந்தனர். சொற்பொழிவாற்றினர், துண்டு நூல்கள் அச்சிட்டனர், இதழொன்றும் நடத்திப் பார்த்தனர். அவர்கள் வலையிற் சிக்கியோர் மிகச் சிலரே. அடுத்த ஆண்டே பாலன்டைன் சென்னையை விட்டகன்றார். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். பால் திருத்துவதாஸ் என்னும் தமிழர் அச்சபையின் வெளியீடொன்றைக் கண்டு, கடிதம் எழுதி, ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து, 1965-இல் திருமுழுக்குப் பெற்றார். அவர் தம் சுற்றத்தாரிடையும் ஊராரிடையும் அக்கொள்கையை ஊன்றினார். ஐதராபாத்தைச் சேர்ந்த எட்வின் தர்மராஜுவும் அவர் துணைவியார் எல்சியும் மேற்குச் சமோவாவில் வாழ்ந்தபொழுது அச்சபையிற் சேர்ந்தனர். 1978-ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் தூதுப்பணியாளராகவே தாயகம் திரும்பினர். அவர்கள் சென்ற இடம் பொதுக்கூட்ட மேடையன்று, சொந்த வீடு. சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களிற் பெரும்பாலோர் உறவினர். 1982-இல் மார்மன் நூலின் தேர்ந்தெடுத்த பகுதிகள் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் வெளிவந்தன.

1853-இல் அச்சுப்பொறியால் இயலாதது 1978-இல் அன்பால் இயன்றது. வேற்றவன் முன் அடைபடும் கதவு மகனுக்கும் மருமகளுக்கும் திறக்கிறது. சமய மாற்றத்தைப் 'படையெடுப்பு' என்று வருணிக்கும் மேடையினர் இவ்வுண்மையை உணர்வதில்லை. படையெடுப்பாயின் மதிலை உயர்த்தித் தடுக்கலாம். உறவு வழியே வருவதை எம்மதில் தடுக்கும்?

பணம் என்னும் பழி

மேடையினர் முதலிற் கூறும் காரணம் பணம். 'வெளிநாட்டுப் பணம் பாய்கிறது; ஆதலின் ஏழைகள் மயங்குகின்றனர்' என்பது அவர்தம் வாதம். சில இடங்களிற் சில கூட்டத்தார் பொருள் காட்டி ஆள் சேர்ப்பது உண்டெனின் அது கண்டிக்கத்தக்கதே. பசித்தவனிடம் சோற்றை நீட்டிச் சமயத்தை விலை பேசுவது எச்சமயத்தாரும் நாணத்தக்க செயல். ஆயின், அதனையே எல்லார்க்கும் உரிய விளக்கமாக்குவது தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் வழியாகும்.

மார்மன் இளைஞனுக்குச் சம்பளம் கிடையாது. அவனும் அவன் குடும்பமும் தாமே செலவை ஏற்கின்றனர். இயலாதோர்க்கே சபை உதவுகிறது. அமெரிக்கக் குடும்பம் செலுத்தும் தொகை 2020-ஆம் ஆண்டில் திங்களுக்கு 400 டாலரிலிருந்து 500 டாலராக உயர்ந்தது. ஆண்மகன் ஈராண்டும் பெண்மகள் ஒன்றரை ஆண்டும் பணி செய்வர். 2012-ஆம் ஆண்டு முதல் இளைஞன் 18 வயதிலேயே புறப்படலாம் என்றாயிற்று. எந்த நாட்டுக்குச் செல்வது என்பதை அவன் தேர்வதில்லை, சபையே ஆணையிடும். அறிமுகமில்லாத மொழியைச் சில கிழமைகள் பயின்று, அம்மொழியிற் பேசத் தொடங்குவான். துணையாள் ஒருவனோடன்றித் தனியே செல்லான். 2019 பிப்ரவரி வரை பெற்றோரோடு தொலைபேசியிற் பேசும் வாய்ப்பு ஆண்டுக்கு இரு நாட்களே. அதன் பின்னரே கிழமைதோறும் பேச இசைவு கிடைத்தது. உலகெங்கும் இவ்வாறு பணியாற்றுவோர் 70,000-க்கும் மேற்பட்டோர்.

இவ்வுறுதி பதினெட்டாம் வயதில் திடீரென முளைப்பதன்று. பால்மணம் மாறாச் சிறுவனாய் இருக்கும்பொழுதே அவன் அந்த ஈராண்டுக்கென உண்டியலிற் காசு சேர்க்கப் பழக்கப்படுகிறான். கிழமையில் ஒரு மாலையைக் குடும்பம் தனக்கென ஒதுக்க வேண்டும் என்று அச்சபை 1915-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. 1970-இல் திங்கட்கிழமை மாலையை அதற்கென வரையறுத்தது. அம்மாலையில் வேறு கூட்டமில்லை. தந்தையும் தாயும் மக்களும் ஒருங்கமர்ந்து படிக்கின்றனர், பாடுகின்றனர், பேசுகின்றனர். அலோர் காஜாவின் தமிழ் வீடுகளிலும் மாலை வருகிறது. தொலைக்காட்சியில் தொடர் ஓடுகிறது. ஆளுக்கொரு கைப்பேசி ஒளிர்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே இரவு கழிகிறது. திருக்குறள் நூல் கண்ணாடிப் பேழைக்குள் தூசு படியாமல் இருக்கிறது; திறக்கப்படாத நூலிலும் தூசு படிவதில்லை அன்றோ? இந்நிலைக்கும் வெளிநாட்டுப் பணந்தான் காரணமா?

பண்பாடு அழியும் என்னும் அச்சம்

அடுத்து வருவது பண்பாட்டு அச்சம். 'சமயம் மாறினால் தமிழ் போய்விடும்' என்கின்றனர். மலாக்காவில் நின்றுகொண்டு இதனைக் கூறுவோர், தாம் நிற்கும் மண்ணின் வரலாற்றை அறியாதோரே.

மலாக்காச் சுல்தான்களின் காலத்திலேயே வணிகத்தின்பொருட்டு வந்து தங்கிய தமிழரின் வழித்தோன்றல்கள் மலாக்காச் செட்டிகள். 1511-இல் போர்த்துகீசியர் வந்தனர்; 1641-இல் டச்சுக்காரர் வந்தனர்; 1824-இல் ஆங்கிலேயர் நிலைபெற்றனர். கிறித்துவ அரசுகள் மூன்று அடுத்தடுத்து ஆண்டும் செட்டிகள் சைவத்தைக் கைவிடவில்லை. 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் இன்றும் வழிபாட்டிற் சிறந்து நிற்கிறது. அவர்கள் இழந்தது மொழியை. வீட்டில் மலாயே வழங்கிற்று. தமிழைக் கற்பிக்கப் பள்ளி இல்லை. சமயத்தை வீடு காத்தது. மொழியைக் காக்க எவரும் இல்லை. சமயம் மாறாமலே தமிழ் மறையக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

எதிர்ச்சான்றும் அருகிலேயே உள்ளது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கி, 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நிகழ்த்திய தனிநாயகம் அடிகள் கத்தோலிக்கத் துறவி. அவர் பெயரைச் சொல்லாமல் மலேசியத் தமிழாய்வின் வரலாற்றை எழுதவியலாது. சமயம் மாறாத எத்தனை பேர் தம் மக்களைத் தமிழ்ப்பள்ளியின் வாயிலை மிதிக்க விடாமல் வளர்த்தனர்! அவர்களுக்கு எதிராக எந்த மேடை எழுந்தது? 1957-இல் 888-ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530-க்கும் குறைந்துவிட்டன. தோட்டங்கள் கலைந்தமையும் பள்ளிகள் இணைக்கப்பட்டமையும் இதற்குக் காரணம். சமயத் தூதர் எவரும் அவற்றை மூடவில்லை.

இதில் வேடிக்கையொன்றும் உண்டு. மிஷனரியை வையும் அதே மேடை ஜி.யு. போப்பைப் புகழ்கிறது, வீரமாமுனிவரைப் போற்றுகிறது. சென்னைக் கடற்கரையில் 1968-ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அவ்விருவர்க்கும் சிலை எழுந்தது. போப் சென்னையில் வந்திறங்கியது 1839-இல். அப்பொழுது அவருக்கு வயது 19. பத்தொன்பது வயது மகனைக் கண்காணாத நாட்டுக்கு அனுப்பிய குடும்பமொன்று இங்கிலாந்தில் இருந்தது. அவர் சமயம் பரப்ப வந்தார், தமிழுக்கு ஆட்பட்டார், 1886-இல் திருக்குறளையும் 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழாசிரியர் வகுப்பறையிற் போப்பின் பெயரை மாணவர்க்குச் சொல்லும்பொழுது, பத்தொன்பது வயதில் ஒருவன் தன்னை ஒரு பணிக்கு ஒப்படைத்தல் என்றால் என்ன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சட்டம் என்னும் புகலிடம்

மூன்றாவது வாதம் சட்டம். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆம் பிரிவு, ஒவ்வொருவரும் தத்தம் சமயத்தைப் பின்பற்றவும், முசுலிம்களிடையே பரப்புதல் பற்றிய வரையறைக்கு உட்பட்டுப் பரப்பவும் உரிமை வழங்குகிறது. செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தின் மாசி மகப் பெருவிழாவில் தேர் வீதியுலா வருவதும் சமய உரிமையின் நிழலிலேதான். தன் தேருக்கு வழிவிடும் சட்டம் பிறன் நூலுக்கு வழிவிடக் கூடாது என்று கேட்பது நேர்மையாகாது. சிறுபான்மையினர் உரிமையைக் குறைக்கச் சொல்லி ஒரு சிறுபான்மையே வேண்டுவது நுனிக்கிளையில் அமர்ந்து அடிக்கிளையை வெட்டுவதாகும்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் சமயத்தைத் தாய் தந்தையரோ பாதுகாவலரோ முடிவு செய்வர் என்று 12-ஆம் பிரிவு கூறுகிறது. பிள்ளையின் முதற் பதினெட்டு ஆண்டுகளைச் சட்டம் குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டது. அத்தனை ஆண்டுகளில் குடும்பத்தால் ஊட்ட இயலாததைப் பதினெட்டாம் ஆண்டிற்குப் பின் காவல்துறையா ஊட்டும்?

அவர்தம் முறையிலும் குறையுண்டு

இவ்வளவும் கூறுவது மார்மன் முறையை அப்படியே ஏற்றுக்கொள்க என்று சொல்வதாகாது. அம்முறையின் வலிமை குடும்பம் எனின், அதன் கொடுமையும் குடும்பத்தின் வழியேதான் வருகிறது.

ஆண்மகனுக்குத் தூதுப்பணி கடமை என்று ஓதி வளர்க்கப்படும் வீட்டில், 'எனக்கு விருப்பமில்லை' என்று சொல்லும் மகனின் நிலை எளிதன்று. நோயாலோ மனத்தளர்ச்சியாலோ காலம் முடியுமுன் திரும்புவோர் ஊராரின் முணுமுணுப்புக்கு அஞ்சி ஒடுங்குவது அச்சபையாரிடையே பேசப்பட்டுவரும் துயரம். வற்புறுத்திப் பெறுவது தொண்டாகாது, அது வரி.

தமிழ்த் தாய் ஒருத்தியின் நெஞ்சைத் தைக்கும் முறையொன்றும் அச்சபையில் உண்டு. அவர்தம் கோயிலில் நிகழும் திருமணத்தினுள் தகுதிச் சான்று பெற்ற சபையினர் மட்டுமே நுழையலாம். பெற்ற தாயாயினும், சபையிற் சேராதவள் வெளியே காத்திருக்க வேண்டியதே. பொதுச் சட்டப்படி முன்னதாக மணம் செய்துகொள்ளும் இணையினர் கோயில் மணத்திற்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்று அமெரிக்கா முதலிய நாடுகளில் இருந்த விதி 2019-இல் நீக்கப்பட்டது. உள்ளே நுழையும் விதியோ மாறவில்லை. பத்துத் திங்கள் சுமந்தவள் மகனின் மணத்தைக் கண்ணாற் காணவொட்டாத விதியை, குடும்பமே தலைசிறந்தது என்று பேசும் சபை வைத்திருப்பது முரண்பாடேயாம்.

ஆப்பிரிக்க மரபினரான ஆண்களுக்குக் குருத்துவம் இல்லை என்னும் தடையை அச்சபை 1978-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் வரை கைக்கொண்டிருந்தது. கருவறைக்குள் யார் நுழையலாம் என்னும் பூசலைக் கண்ட தமிழர்க்கு இவ்வரலாறு புதிராகத் தோன்றாது. சாதியின் கொடுமைக்கு அஞ்சிச் சமயம் மாறுவோர், போகுமிடத்தின் பழங்கணக்கையும் புரட்டிப் பார்த்தல் அறிவுடைமை. தம் சமயத்தைப் பழிப்போர்க்குச் சொல்ல வேண்டிய விடையும் இத்தகைய ஆராய்ச்சியே. வசைச்சொல் இளைஞனை எதிர்த்திசையில் தள்ளுகிறது. உண்மைச் செய்தி அவனைச் சிந்திக்க வைக்கிறது.

அடைத்த கதவு

இனி, தமிழ்க் குடும்பம் என்ன செய்கிறது என்பதைக் காண்போர் வருந்தாமல் இருக்கவியலாது. அலோர் காஜா வட்டாரத்துத் தாமானொன்றில் வாழும் குடும்பத்தின் மகன், நகரில் வேலை செய்யும்பொழுது இத்தகைய சபையொன்றிற் சேர்ந்தான் என்று வைத்துக்கொள்வோர், பின்வருவதையும் எளிதில் ஊகிப்பர். தந்தை 'இனி இவ்வீட்டு வாசற்படி மிதியாதே' என்பார். தாய்மாமன் சொத்தில் பங்கில்லை என்பார். பெரியப்பா, தம்பி மகளுக்கு இனி மாப்பிள்ளை கிடைப்பது அரிது என்று கவலைப்படுவார். தாய் மட்டும் யாரும் அறியாமல் அழுவாள். அவன் ஏன் போனான் என்று ஒருவரும் கேளார். நகரில் தனியறையிற் காய்ச்சலோடு கிடந்தபொழுது கஞ்சி கொண்டுவந்தவர் யார் என்பதையும் கேளார்.

கதவு அடைபட்டது, இனி என்ன நிகழும்? புதிய சபையே அவனுக்குத் தாயும் தந்தையும் ஆகும். திரும்பி வரும் வழியை அடைத்தவர் சபையார் அல்லர், வீட்டாரே. தர்மராஜு குடும்பத்தின் செய்தி உணர்த்துவதும் இதனையே: உறவின் கதவு திறந்திருக்கும் இடத்திலேதான் சொல் செல்லும். அக்கதவு இருபுறமும் திறக்கும் கதவு. மகன் சொல் வீட்டுக்குள் வருவதுபோல் வீட்டார் சொல்லும் அவனிடம் செல்லும். பொங்கலன்று அவனுக்கும் ஓர் இலை போடும் வீடு அவனை இழப்பதில்லை. அவன் வேறு கடவுளை வணங்கலாம். தமிழனாகவும் மகனாகவும் இருப்பான். இலையை எடுத்துவிட்ட வீடோ மகனையும் இழக்கிறது. அவன் பெறும் மக்களின் தமிழையும் இழக்கிறது.

செய்யத்தக்கது யாது?

தொண்டு தமிழர்க்குப் புதிதன்று. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்கென 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குத் தொழிலாளரும் வெள்ளி வெள்ளியாக ஈந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டம் தோட்டமாகச் சென்று பால்மரம் வெட்டுவோரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்தார். துணைவியார் தோ புவான் உமாசுந்தரியும் அவர்க்குத் தோள் கொடுத்தார். கணவனும் மனைவியும் வாசல் வாசலாக ஏறி இறங்கிய அப்பணி, தொழிலாளரைத் தோட்டத்திற்கே உடைமையாளராக்கிற்று. சுவாமி சத்யானந்தா கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவி ஆதரவற்ற குழந்தைகளை அரவணைத்தார். 1961-இல் அவர் மறைந்த பின்னரும், இளமையிலேயே அப்பணிக்குத் தம்மை ஒப்படைத்த அன்னை மங்களம் 2023-இல் மறையும் வரை அதனைக் காத்தார். அவர் எவரையும் சமயம் மாற்றவில்லை. எவரும் அவரிடம் சமயம் மாற்றிப் பேசவும் துணியவில்லை.

'இவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கோர் அன்றோ?' என்று கேட்கலாம். குற்றச்சாட்டே அதுதான். ஒரு சபையில் தொண்டு வீடுதோறும் நிகழும் வழக்கமாய் இருக்க, தமிழரிடையே அது பெரியோர் சிலரின் பெருமையாய் ஒடுங்கிவிட்டது. சமுதாயம் அவர்களைப் போற்றுகிறது, பின்பற்றுவதில்லை.

எஸ்.பி.எம். தேர்வு முடிந்து, முடிவு வெளிவந்து, மேற்படிப்போ வேலையோ அமையும் வரை மாணவர்க்குச் சில திங்கள்கள் கிடைக்கின்றன. தூதுப்பணிக்குப் புறப்படும் மார்மன் இளைஞனின் வயதும் ஏறத்தாழ அதுவே. அத்திங்கள்களில் ஒரு பகுதியை ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் தன் பிள்ளையின் தொண்டுக்கென ஒதுக்கட்டும். காடேக்கிலும் தெபோலாங்கிலும் உள்ள பள்ளிச் சிறுவர்க்கு மாலையில் வாசிக்கச் சொல்லித் தரட்டும். தனித்து வாழும் முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும். 'ஏழைக் குடும்பத்துப் பிள்ளை வேலைக்குப் போக வேண்டாமா?' என்னும் வினா நியாயமானதே. அப்பிள்ளையிடம் ஆண்டுகளைக் கேட்க வேண்டியதில்லை. கிழமைக்கு இரு மாலை போதும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அதனினும் கூடுதலாகத் தரட்டும். விருப்பத்தோடு தரட்டும்; தரவில்லையெனில் தூற்றப்படாதிருக்கட்டும்.

மற்றொரு பணியும் உண்டு. மார்மன் சபையார் 1894-இலேயே வம்சாவளி ஆய்வுக்கெனக் கழகம் அமைத்து, உலகத்தாரின் மூதாதையர் பதிவுகளைத் திரட்டிவருகின்றனர். இறந்தோர்க்காகத் திருமுழுக்குப் பெறும் அவர்தம் சடங்கு பிறர்க்கு உடன்பாடாகாது. ஆயின், பாட்டன் பெயரை மறவாத அவ்வூக்கம் மதிக்கத்தக்கது. அலோர் காஜாவின் தமிழ் மாணவருள் எத்தனை பேர் தம் கொள்ளுப்பாட்டன் ஊர்ப் பெயரை அறிவர்? நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலாக் கப்பலில் வந்தவரா, அதற்கும் முந்திய கப்பலில் வந்தவரா? எந்தத் தோட்டத்தில் முதலில் பால்மரம் சீவினார்? இதனை அறிந்த முதியோர் நாளுக்கு நாள் மறைந்து வருகின்றனர். தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவரைக்கொண்டு வீட்டு வரலாற்றைத் தமிழில் எழுதுவிக்கட்டும். தாத்தாவின் முன் அமர்ந்து கேட்டு எழுதும் சிறுவன் கட்டுரையும் பயில்கிறான், குடும்பத்தையும் பயில்கிறான். தன் வேரை அறிந்தவன் நாளை எச்சமயத்தைத் தழுவினும் தழுவாவிடினும் அறிந்தே செய்வான், அறியாமையாற் செய்யான்.

இவை எளிய பணிகள். மேடை வேண்டா, பொன்னாடை வேண்டா. ஆதலினாலேயே இவற்றைச் செய்வோர் குறைவு. வேற்றுச் சமயத்தான் ஏன் வந்தான் என்று கேட்பது எளிது. சொந்த வீட்டான் ஏன் வரவில்லை என்னும் வினாவுக்கு மட்டும் சமுதாயம் இதுகாறும் விடை கூறவில்லை. அவ்விடை சொல்லால் அமைவதன்று. மாலைதோறும் பிறர் வீட்டுப் படியேறும் பிள்ளைகளைப் பெற்ற சமுதாயம், தன் படியேறுவோரைக் கண்டு அஞ்சுவதில்லை.